இரத்தச் சுத்தமும் எலும்பின் சாட்சியும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் ஊர் விஷயமல்ல. கடல் கடந்த ஐரோப்பாவைப் பற்றியது. அதுவும் இன்றைய ஐரோப்பாவைப் பற்றியதல்ல. அங்கே அரசனும் இல்லாமல், ஆலயமும் இல்லாமல், எழுத்தும் இல்லாமல் மனிதன் வாழ்ந்த காலத்தைப் பற்றியது. "செத்துப் பல ஆயிரம் வருஷமானவர்களைப் பற்றி இன்று நமக்கு என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். செத்தவர்களின் பேரைச் சொல்லித்தான் உயிரோடிருப்பவர்களை மிதிக்கிறார்கள்; ஆதலால் செத்தவர்களையே சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் பதில்.

சில நாட்களுக்கு முன் ஒரு கலியாண வீட்டில் படித்த மனிதர் ஒருவர் என்னிடம், "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் இரத்தமே வேறு, ஆதிமுதல் அவன் ஒரே ஜாதி, ஒரே நிறம், கலப்படமில்லாதவன், அதனால்தான் உலகத்தை ஆண்டான்" என்று சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. கேட்டதைச் சொன்னார். ஆனால் அவர் கேட்டது யார் சொன்ன சொல், எப்போது சொன்ன சொல், அது மெய்யா பொய்யா என்பதை அவர் விசாரிக்கவில்லை. அந்த விசாரணையைத்தான் இன்று நாம் செய்யப் போகிறோம்.

சுத்தம் என்ற புரட்டு

தோழர்களே! பிரெஞ்சு தேசத்தில் கோபினோ என்று ஒரு பிரபு இருந்தார். அவர் 1853 முதல் 1855 வரையில் மனித ஜாதிகளின் ஏற்றத்தாழ்வைப் பற்றி ஒரு பெரிய புஸ்தகம் வெளியிட்டார். வெள்ளையர் உயர்ந்தவர், அவர்களிலும் ஆரியர் என்பவர் மிக உயர்ந்தவர், கலப்பு உண்டானால் நாகரிகம் அழியும் என்பதே அதன் சாரம். பிறகு ஜர்மனியில் குஸ்டாஃப் கொஸினா என்ற புதைபொருள் பண்டிதர் தோன்றினார். பூமியில் கிடைக்கும் ஒவ்வொரு வகைப் பானைக்கும் ஒவ்வொரு ஜாதியார் உண்டு என்றும், வட ஜர்மனியே எல்லாவற்றிற்கும் பிறப்பிடம், அங்கிருந்தே உயர்ந்த மக்கள் நாலு திக்கும் பரவினார்கள் என்றும் அவர் சொன்னார். அமெரிக்காவில் மாடிசன் கிராண்ட் என்பவர் 1916இல் இதே பாட்டைப் பாடினார். 1924இல் அந்தத் தேசம், இன்ன தேசத்தார் இவ்வளவு பேர்தான் குடியேறலாம் என்று சட்டம் செய்து, தெற்கு, கிழக்கு ஐரோப்பியரைக் குறைத்து, ஆசியாக்காரருக்குக் கதவையே சாத்திற்று.

புஸ்தகத்தில் இருந்த வரையில் அது வெறும் பொய். சட்டமானபோது அதுவே கத்தியாயிற்று. 1935இல் நூரம்பர்க் நகரில் இட்லரின் அரசாங்கம் இரத்தத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிச் சட்டம் செய்தது. யூதரும் ஜர்மானியரும் மணந்துகொள்ளக் கூடாது என்றது. அதன் முடிவு என்ன? ஏறக்குறைய 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஒருவன் யூதனா அல்லவா என்று அந்தச் சட்டம் எப்படிக் கண்டுபிடித்தது? இரத்தத்தைச் சோதித்தா? இல்லை. அவனுடைய பாட்டன் பாட்டிமார் எந்த மதத்தில் பதிந்திருந்தார்கள் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தது! இரத்தத்தில் வித்தியாசம் இருக்குமானால் பதிவேடு எதற்கு? பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும் என்றால் இரத்தத்தில் என்ன இருக்கிறது? இந்தச் சிறு கேள்வியை அன்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, கேட்டவர்களைப் பேசவிடவில்லை.

எலும்பில் எழுதிய ஏடு

நிற்க. இந்தப் பேச்சுக்கெல்லாம் அந்தக் காலத்தில் நேரான பதில் சொல்ல வழியில்லாமல் இருந்தது. மண்டையோட்டை அளந்து பார்த்துச் சண்டையிட்டார்கள். இப்போது வழி கிடைத்திருக்கிறது. அதை நான் சொல்லுகிறேன்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் ஏட்டுச் சுவடிகள் உண்டு. ஓலை பழுதானால் பார்த்து வேறு ஓலையில் எழுதுவார்கள். எழுதும்போது ஓரெழுத்து தப்பிவிடும். அந்தப் பிழையுள்ள ஏட்டைப் பார்த்து எழுதினவனும் அதே பிழையை எழுதுவான். தன் பங்குக்கு இன்னொரு பிழையும் சேர்ப்பான். ஆகவே நாலு ஊரில் கிடைத்த நாலு ஏடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதைப் பார்த்து எது எழுதப்பட்டது, எவை இரண்டும் ஒரு தாய் ஏட்டிலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்து விடலாம்.

நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வோர் அணுவறையிலும் அப்படி ஓர் ஏடு இருக்கிறது. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். அதன் அமைப்பு முறுக்கிய ஏணி போன்றது என்று 1953இல் கண்டுபிடித்தார்கள். அதில் எழுத்துக்கள் நாலே நாலு. ஆனால் அந்த நாலு எழுத்தால் சுமார் 300 கோடி எழுத்து நீளத்துக்கு எழுதியிருக்கிறது. பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் நகலாகி வருகிறது. நகலில் பிழை விழுகிறது. அந்தப் பிழைகளை ஒத்துப் பார்த்தே உறவைச் சொல்லுகிறார்கள்.

செத்தவன் எலும்பிலும் இந்த ஏடு செல்லரித்த துண்டுகளாகக் கிடக்கிறது. வெயிலும் ஈரமும் அதை அழித்துவிடும். குளிர்ந்த குகையில் பல ஆயிரம் வருஷம் கிடக்கும். காதின் உட்பக்கத்து எலும்பு உடம்பிலேயே கெட்டியானது; அதில்தான் நன்றாகத் தங்குகிறது. ஆனால் எலும்பைத் தொட்டவன் கையிலுள்ள டி.என்.ஏ.வும், மண்ணிலுள்ள கிருமிகளின் டி.என்.ஏ.வும் அதில் கலந்துவிடும். அதனால் முகத்தையும் உடம்பையும் மூடிக்கொண்டு, தனி அறையில் வேலை செய்கிறார்கள். பழைய துண்டுகளின் ஓரங்கள் ஒரு விதமாகச் சிதைந்திருக்கும். புதிய துண்டு அப்படிச் சிதையாது. அதைக் கொண்டு பழையது எது, புதியது எது என்று பிரிக்கிறார்கள்.

இந்தத் துறைக்கு வழி திறந்தவர் சுவீடன் தேசத்தில் பிறந்து, ஜர்மனியில் லைப்சிக் நகரில் ஆராய்ச்சி செய்த ஸ்வாந்தே பேபோ. அவருக்கு 2022இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஜர்மனியில் நெயாண்டர் பள்ளத்தாக்கில் 1856இல் அகப்பட்ட பழைய மனித வகையின் டி.என்.ஏ.வின் பெரும்பகுதியை 2010இல் படித்துக் காட்டியவர்கள் அவருடைய கூட்டத்தார். அந்த நெயாண்டர்தால் மனிதனுடைய அம்சம் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு, ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லா மக்களிடமும் இருக்கிறது. உயர்ந்த இரத்தம் என்று மார்தட்டியவனிடமும் இருக்கிறது, அவன் தாழ்ந்தவன் என்று சொன்னவனிடமும் இருக்கிறது.

மூன்று கூட்டத்தார்

இனி ஐரோப்பியர் யார் என்று பார்ப்போம். எலும்புகள் சொல்லும் சாட்சியத்தைச் சுருக்கமாகச் சொன்னால், இன்றைய ஐரோப்பியர் பெரும்பாலும் மூன்று கூட்டத்தாரின் கலப்பு.

முதற் கூட்டத்தார் காட்டில் வேட்டையாடியும் கிழங்கு பறித்தும் பிழைத்தவர்கள். அவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட மனிதரின் வழிவந்தவர்களே. ஸ்பெயின் தேசத்து லா பிரான்யா குகையில் கிடைத்த, சுமார் 7,000 வருஷத்துக்கு முந்திய ஒரு மனிதனுடைய டி.என்.ஏ.வை 2014இல் படித்தார்கள். அவனுக்குக் கறுத்த மேனியும் நீலக் கண்ணும் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. இங்கிலாந்தில் செடார் என்னும் இடத்தில் 1903இல் கிடைத்த, சுமார் 10,000 வருஷத்து எலும்புக்கூட்டைப் பற்றி 2018இல் சொன்ன முடிவும் ஏறக்குறைய அதுவே. இங்கிலாந்தின் பழங்குடி மனிதன் கறுத்தவனாயிருந்தான் என்று கேட்டதும் அங்கே சிலருக்குக் கோபம் வந்ததாம். எலும்பின் மேல் கோபித்து என்ன பயன்?

இரண்டாவது கூட்டத்தார் உழவர்கள். இன்று துருக்கி என்று சொல்லும் நாட்டிலிருந்து, சுமார் 8,500 வருஷங்களுக்கு முன், கோதுமை விதையும் ஆடுமாடும் கொண்டு கிரேக்க நாட்டு வழியாக ஐரோப்பாவுக்குள் வந்தார்கள். கொஞ்சங்கொஞ்சமாக மேற்கே நகர்ந்து, சுமார் 6,000 வருஷங்களுக்கு முன் பிரிட்டனை அடைந்தார்கள். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுத்த, 5,300 வருஷத்துக்கு முந்திய மனிதன் ஒருவன் உண்டு. ஓட்ஸி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவனுடைய முன்னோரில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் இந்தத் துருக்கி நாட்டு உழவர்களே என்று 2023இல் தெரிந்தது. இன்று அவர்களுக்கு மிக நெருங்கினவர்கள் சார்டினியா தீவில் இருக்கிறார்கள்.

மூன்றாவது கூட்டத்தார் மாடு மேய்த்தவர்கள். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கேயுள்ள பெரிய புல்வெளியில், இன்றைய உக்ரேனிலும் ருஷியாவிலும், வண்டி கட்டிக்கொண்டு அலைந்தவர்கள். செத்தவர்மேல் மண்மேடு எழுப்பினவர்கள். யம்னயா மக்கள் என்று புதைபொருள்காரர் அவர்களைச் சொல்லுவார்கள். சுமார் 5,000 வருஷங்களுக்கு முன் இவர்கள் மேற்கே பரவினார்கள். வடக்கு ஐரோப்பியரிடம் இவர்கள் பங்கு அதிகம். தெற்கே போகப் போக உழவர் பங்கு அதிகம்.

இந்த மூன்றில் ஒன்றாவது சுத்தமா என்றால், அதுவும் இல்லை. புல்வெளிக்காரர்களே இரண்டு விதமான மக்களின் கலப்பு. ஒரு பக்கம் ருஷிய நாட்டு வேட்டைக்காரர். மறுபக்கம் காக்கசஸ் மலைப்பக்கத்து மக்கள். அந்த ருஷிய வேட்டைக்காரரோ சைபீரியாவின் பழைய மக்களோடு உறவுள்ளவர்கள். பைக்கால் ஏரிப் பக்கத்தில் மால்டா என்ற இடத்தில் 24,000 வருஷத்துக்கு முன் செத்த ஒரு சிறு பையனின் எலும்பை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அவனைச் சேர்ந்த மக்களின் வழி ஒரு பக்கம் ஐரோப்பியரிலும், மறுபக்கம் அமெரிக்கப் பழங்குடியினரிலும் வந்து சேர்ந்திருக்கிறது! கப்பலேறிப் போய்ச் சிவப்பிந்தியரைக் காட்டுமிராண்டி என்று சுட்டுத் தள்ளினானே, அவனும் சுடப்பட்டவனும் தூரத்துப் பங்காளிகள்!

பிரிட்டன் கதை

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோன்ஹெஞ்ச் என்று பெரிய கற்களை வட்டமாக நிறுத்திய இடம் ஒன்று உண்டு. "எங்கள் முன்னோர் கட்டியது" என்று பெருமை பேசுவார்கள். பெரிய கற்களை நிறுத்தியது சுமார் கி.மு. 2500இல். அன்று அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் துருக்கிப் பக்கத்திலிருந்து வந்த உழவர்களின் சந்ததிகள். அதற்குச் சற்றுப் பின், மணி போன்ற உருவமுள்ள மட்குவளைகளோடு புல்வெளி வம்சத்தார் கடலைத் தாண்டி வந்தார்கள். சில நூறு வருஷங்களுக்குள் அத்தீவின் மக்களுடைய முன்னோர் வழியில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு மாறிப்போயிற்று என்று 2018இல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகிறது. அதற்கும் பின்னால் ஆங்கிலோ சாக்ஸன்கள் வந்தார்கள். ஆகவே இன்றைய ஆங்கிலேயர், அந்தக் கல்லை நிறுத்தியவர்களின் வீட்டில் குடிவந்த வாடகைக்காரர் போன்றவர்களே தவிர, பெரும்பாலும் அவர்கள் பெற்ற பிள்ளைகள் அல்லர்.

வெளுப்பு நிறமும் ஆதிகாலச் சொத்து அல்ல. மேனியை வெளுக்கச் செய்யும் பிழைகளில் சில உழவர்களோடு வந்தன. பின்னால் பல ஆயிரம் வருஷங்களில் பெருகின. வெயில் குறைந்த நாட்டில் வெளுத்த தோல் உடம்புக்கு உதவியது என்பதே அதற்குச் சொல்லும் காரணம். பெரியவர்களானபின்னும் பாலை ஜீரணிக்கும் சக்தியும் அப்படியே. பனி மனிதன் ஓட்ஸிக்கு அது கிடையாது. ஐரோப்பாவில் அது பரவியது பெரும்பாலும் கடந்த சில ஆயிரம் வருஷங்களுக்குள்தான். வெயிலும் பாலும் செய்த வேலையை இரத்தத்தின் மகிமை என்று எழுதிவிட்டார்கள்.

திரும்பிய அம்பு

இனி கொஸினா பண்டிதரின் கதி என்னவாயிற்று பாருங்கள். ஈரமண்ணில் கயிற்றை அழுத்திக் கோலம் செய்த பானைகள் ஜர்மனியில் கிடைக்கின்றன. அந்தப் பானைக்காரர்களை அவர் உயர்ந்த வடக்கத்தியர் கூட்டத்தில் வைத்தார். 2015இல் அதே பானைக்காரர்களின் எலும்பைச் சோதித்தார்கள். அவர்களுடைய முன்னோரில் நூற்றுக்குச் சுமார் 75 பங்கு கிழக்கே உக்ரேன், ருஷியப் புல்வெளி வழியினர் என்று தெரிந்தது. அதாவது ஜர்மனியிலிருந்து கிழக்கே உயர்வு பரவவில்லை. கிழக்கேயிருந்து ஜர்மனிக்கு மக்கள் வந்தார்கள்.

1941இல் இட்லரின் படை அந்தக் கிழக்கு நாட்டுக்குள் புகுந்து, அங்குள்ளவர்களைக் கீழ்ப்பட்ட மனிதர் என்று சொல்லி லட்சக்கணக்காகக் கொன்றது. தங்கள் பாட்டன்மார் மாடு மேய்த்த மண்ணைத்தான் தாழ்ந்த ஜாதியின் மண் என்று சொல்லிக் கொளுத்தினார்கள்! அறியாமைக்கு அதிகாரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

மொழியைக் காட்டி இரத்தம் பேசுவதும் இப்படியே. ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாஷை பக்கத்துப் பாஷைகள் எதனோடும் சேராதது. ஆயினும் அவர்களிடமும் புல்வெளிக்காரரின் பங்கு இருக்கிறது. பாஷை ஒரு வழி, வம்சம் ஒரு வழி. ஆரியர் என்பது பாஷையைக் குறித்த சொல்லே தவிர இரத்தத்தைக் குறித்ததல்ல என்று மாக்ஸ் முல்லரே 1888இல் எழுதிவிட்டார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

இரண்டு கேள்விகள்

இங்கே இரண்டு கேள்விகள் எழலாம். முதலாவது: "புல்வெளிக்காரர் மற்றவர்களை வென்றார்கள் என்றால் அவர்கள் உயர்ந்தவர்கள் என்றுதானே ஆகிறது?" என்பது. தோழர்களே! எலும்பு மக்கள் மாறினார்கள் என்று சொல்லுகிறது. வாளால் மாறினார்கள் என்று அது மட்டும் கொண்டு சொல்ல முடியாது. அந்தக் காலத்துப் பற்களில் பிளேக்குக் கிருமியின் டி.என்.ஏ. இருந்ததை 2015இல் கண்டார்கள். நோயால் ஊர் காலியாயிருக்கலாம், சண்டையும் நடந்திருக்கலாம், இடத்துக்கு இடம் வேறாயிருக்கலாம். வென்றார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அடித்தவன் உயர்ந்தவன் என்றால் வழிப்பறிக்காரனுக்கு மாலை போட வேண்டியதுதான்.

இரண்டாவது: "சாஸ்திரத்தை நம்பாதே என்கிறாய், விஞ்ஞானி சொன்னதை மட்டும் நம்பச் சொல்லுகிறாயே, என்ன வித்தியாசம்?" என்பது. நல்ல கேள்வி. 1994இல் டைனோசார் எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்துவிட்டதாக ஒரு கூட்டத்தார் சொன்னார்கள். மற்ற விஞ்ஞானிகள் சோதித்து, அது மனிதனுடைய டி.என்.ஏ. கலந்ததால் வந்த மயக்கம் என்று காட்டினார்கள். தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது. சோதனை முறைகள் கடுமையாயின. அதுபோலவே, புல்வெளியார் வந்த செய்தியை 2015இல் அமெரிக்காவில் ஒரு கூட்டத்தாரும் டென்மார்க்கில் ஒரு கூட்டத்தாரும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். கணக்கைப் பிறர் பார்க்கும்படி திறந்து வைக்கிறார்கள். தவறினால் திருத்துவோம் என்பது ஒன்று. சந்தேகித்தால் நரகம் என்பது மற்றொன்று. இதுவே வித்தியாசம். நாளைக்கு வேறு எலும்பு வேறு சங்கதி சொன்னால் நானே இந்த மேடையில் வந்து திருத்திச் சொல்லுவேன்.

நமக்கு என்ன?

இந்தக் கதை ஐரோப்பாவோடு முடிந்துவிடவில்லை. அதே புல்வெளி வம்சத்தாரின் ஒரு கிளை மத்திய ஆசியா வழியாக, சுமார் கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் இந்தியப் பக்கம் வந்தது என்று 2019இல் வெளியிட்டார்கள். ஐதராபாத் ஆராய்ச்சியாளரும் அமெரிக்கரும் சேர்ந்து 2013இல் சொன்னது இன்னும் முக்கியமானது. இந்நாட்டில் உயர்ந்தவர் என்பவரிடமும் தாழ்ந்தவர் என்பவரிடமும் கலப்பு இருக்கிறது, அளவில்தான் வித்தியாசம். அந்தக் கலப்பு சுமார் 4,200 வருஷங்களுக்கும் 1,900 வருஷங்களுக்கும் இடையில் நடந்தது. அதன் பிறகுதான் அவரவர் ஜாதிக்குள்ளேயே மணம் செய்யும் கட்டுப்பாடு இறுகியது. ஆகவே ஜாதி என்பது படைப்போடு வந்ததல்ல. கலந்து வாழ்ந்த மக்களைப் பிற்காலத்தில் அடைத்துப் போட்ட பட்டி. பட்டியை மனிதன் போட்டான், மனிதனே பிரிக்கலாம்.

ஆனால் ஒரு வார்த்தை. இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நாங்கள்தான் சுத்தமானவர்கள்" என்று நம்மில் யாராவது சொல்லக் கிளம்பினால், அவர் நான் சொன்னதில் ஓரெழுத்தையும் கேட்கவில்லை என்றே அர்த்தம். அவன் சுத்தம் பேசினால் புரட்டு, நாம் பேசினால் பெருமை என்பது நியாயமல்ல. எவனுக்கும் அந்தச் சுத்தம் இல்லை, இருக்கவும் முடியாது.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தாய் தகப்பன் 2 பேர். பாட்டன் பாட்டிமார் 4 பேர். அதற்கு மேல் 8 பேர். இப்படியே 10 தலைமுறைக்கு 1,024 பேர். 20 தலைமுறைக்கு 10 லட்சத்துக்கு மேல். 30 தலைமுறைக்கு, அதாவது ஆயிரம் வருஷத்துக்குள்ளாகவே, 107 கோடிக்கு மேல்! அன்று உலகம் முழுவதையும் கூட்டினாலும் அத்தனை பேர் இல்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? ஒரே ஆள் பல வழியிலும் உங்களுக்குப் பாட்டன். உங்கள் பாட்டனே அடுத்தவனுக்கும் பாட்டன். இந்தக் கணக்கு ஜர்மானியனுக்கும் இதுதான், ஆங்கிலேயனுக்கும் இதுதான், நம் ஊர்ப் பண்ணையாருக்கும் அவர் பண்ணையாளுக்கும் இதுதான். இதற்கு எலும்பும் வேண்டாம், ஆராய்ச்சிசாலையும் வேண்டாம். ஒரு கரித்துண்டும் சுவரும் போதும்.

தோழர்களே! பிறப்பைச் சொல்லி ஒருவன் உயர்வு கேட்டால், "எந்தத் தலைமுறைப் பிறப்பு?" என்று கேளுங்கள். வேட்டைக்காரன் பிறப்பா, உழவன் பிறப்பா, மாடு மேய்த்தவன் பிறப்பா, ஆப்பிரிக்காவிலிருந்து நடந்து வந்தவன் பிறப்பா என்று கேளுங்கள். பதில் வராது. நான் சொன்னதையும் நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். யோசித்துப் பாருங்கள், பொருந்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள், பொருந்தாவிட்டால் தள்ளிவிடுங்கள்.